வங்கி டெபாசிட் காப்பீடு: ஒரு சொசைட்டிப் பொருளாளரின் மதிப்புரை

நாம் யாரும் கேட்டு வாங்காத பாலிசி ஒன்று நம் எல்லோர் பெயரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு விண்ணப்பம் போட்டதில்லை, பிரீமியம் கட்டியதில்லை, ஏஜென்ட் யாரும் வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை. வங்கியில் கணக்கு தொடங்கிய அன்றே அது தொடங்கிவிடும். டெபாசிட் காப்பீடு என்று பெயர். ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான டி.ஐ.சி.ஜி.சி. என்ற கழகம் அதை நடத்துகிறது. வங்கி படுத்தால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

மிக்ஸிக்கும் ஓட்டலுக்கும் மதிப்புரை எழுதுகிறோம், இதற்கு ஏன் யாரும் எழுதவில்லை என்று எனக்குத் தோன்றியதுண்டு. நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மும்பையில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக்குப் பொருளாளர். கூட்டுறவு வங்கிகள் இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கும். அதில் ஒன்று மாட்டிக்கொண்டபோது என் நாத்தனாரின் சேமிப்பும் உள்ளே சிக்கியது. அதனால் இந்தப் பாலிசி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்தேன்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். வங்கிதான் கட்டுகிறது, அதை நம் தலையில் ஏற்றக்கூடாது என்பது விதி. 2020 ஏப்ரலில் அது 100 ரூபாய் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12 பைசா ஆனது. அதற்கு முன் 10 பைசா. இதில் எனக்கு நெடுநாளாக ஒரு குறுகுறுப்பு உண்டு. பிரீமியம் மொத்த டெபாசிட்டுக்கும் கட்டப்படுகிறது, காப்பு மட்டும் 5 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. ஒருவர் 50 லட்சம் போட்டிருந்தால் 12 பைசா வீதத்தில் அவருக்காக வங்கி வருடத்துக்கு 6,000 ரூபாய் கட்டும். அவருக்கு உத்தரவாதம் 5 லட்சத்துக்குத்தான். பெரிய டெபாசிட்காரர்களின் பிரீமியம்தான் சிறிய டெபாசிட்காரர்களைத் தாங்குகிறது. சமூக நோக்கில் சரிதான், ஆனால் பெரிய டெபாசிட்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்று, ஒழுங்காக நடக்கும் வங்கிக்கும் தில்லுமுல்லு செய்யும் வங்கிக்கும் இத்தனை காலமும் ஒரே கட்டணம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனிடமும் ஒழுங்காக ஓட்டுகிறவனிடமும் ஒரே இன்ஷூரன்ஸ் தொகை வாங்குவது மாதிரி. 2026-27 முதல் வங்கியின் அபாய நிலையைப் பார்த்துப் பிரீமியம் வைக்கப்போவதாக ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் அறிவித்தது. நல்லது. 1962-லேயே செய்திருக்கலாம் என்று சொன்னால் பேராசை என்பார்கள்.

1962 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. 1962 ஜனவரி 1-ல் தொடங்கியபோது உச்சவரம்பு வெறும் 1,500 ரூபாய். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 1993-ல் 1 லட்சம் ஆனது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது. 1993-ல் 1 லட்சம் பெரிய தொகை. 2019-ல் அதே 1 லட்சத்தை வைத்துக்கொண்டு ஓய்வு பெற்ற ஒருவர் என்ன செய்வார்?

2019 செப்டம்பரில் பி.எம்.சி. என்ற பஞ்சாப்-மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் விவகாரம் வெடித்தபோது இந்தக் கேள்வி மும்பைத் தெருவுக்கு வந்தது. அந்த வங்கி கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரே ரியல் எஸ்டேட் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளை உருவாக்கியிருந்தார்கள். ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. முதலில் ஒருவர் எடுக்கக்கூடிய தொகை 1,000 ரூபாய். ஆயிரம்தான், எழுத்துப் பிழை இல்லை. அப்புறம் 10,000, 25,000, 40,000, 50,000 என்று ஏறி, 2020 ஜூனில்தான் 1 லட்சம் ஆனது.

அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு, "காப்பீடு 1 லட்சம்தானாமே!" வேறொரு வங்கி பாஸ்புக்கில் அந்த வரம்பை முத்திரையாகக் குத்தியிருந்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த விதி பல காலமாக இருப்பதுதான், முத்திரை மட்டும் புதிது. ஆனாலும் அதைப் பார்த்துப் பயந்து எங்கள் கட்டடத்தில் ஒரு மாமா தன் எஃப்.டி.யை முறித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் பணம் இருந்தது நல்ல வங்கியில். முன்கூட்டி எடுத்ததற்கு வட்டியில் பிடித்தம் வேறு.

2020 பிப்ரவரி 4-ஆம் தேதி உச்சவரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் பி.எம்.சி.யில் மாட்டியிருந்தவர்களுக்கு அன்று ஒரு பைசா பயனில்லை. ஏனென்றால் அப்போதைய சட்டப்படி வங்கியின் உரிமம் ரத்தாகி, கலைப்பு நடவடிக்கை தொடங்கினால்தான் காப்பீட்டுப் பணம் வரும். இல்லாவிட்டால் வேறு வங்கியோடு இணைக்கப்பட வேண்டும். கட்டுப்பாட்டில் கிடக்கும் வங்கி உயிரோடும் இல்லை, செத்ததாகவும் கணக்கில்லை. அந்த நிலையில் வருடக்கணக்கில் கிடந்த கூட்டுறவு வங்கிகள் இருந்தன. பாலிசி கையில் இருக்கும், பணம் வராது.

எனவே என் பார்வையில் இந்தப் பாலிசிக்கு வந்த பெரிய முன்னேற்றம் 2020-ல் உயர்ந்த தொகை இல்லை, 2021-ல் திருத்திய சட்டம்தான். 2021 செப்டம்பர் 1-லிருந்து, ஒரு வங்கி இப்படிக் கட்டுப்பாட்டுக்குள் வந்தாலே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வங்கி 45 நாளுக்குள் டெபாசிட்காரர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கழகம் 30 நாளில் சரிபார்க்க வேண்டும். அடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும். ஆக மொத்தம் 90 நாள். வங்கியை வேறொன்றோடு இணைக்கும் பேச்சு நடந்தால் இன்னொரு 90 நாள் வரை தள்ளிப்போகலாம். அந்த ஆண்டு டிசம்பரில் முதல் சுற்றுப் பணம் பட்டுவாடா ஆனபோது, வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் பலர் கைக்குக் காசு வந்தது.

இதைப் பற்றி டிவியில் பெரிதாக யாரும் பேசவில்லை. 1 லட்சம் 5 லட்சமானது தலைப்புச் செய்தி. "இழுத்தடிப்பு 90 நாளானது" என்பது யாருக்கும் தலைப்பாகத் தெரியவில்லை.

நாத்தனாரின் கதைக்கு வருகிறேன். வங்கியின் பெயர் வேண்டாம். அது புதுச் சட்டம் வந்த பிறகு மாட்டிய வங்கி என்பதால் அவருக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். கட்டுப்பாடு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, "எனக்குக் காப்பீட்டுத் தொகை வேண்டும்" என்று விருப்பப் படிவம் எழுதிக் கொடுப்பது. சும்மா இருந்தால் தானாக வந்து விழாது. படிவத்தோடு ஆதார் நகல், வேறு வங்கியில் உள்ள கணக்கின் விவரம் எல்லாம் தர வேண்டும். வேறு வங்கியில் கணக்கே இல்லாதவர்கள் வரிசையில் நின்றார்கள். வாழ்க்கை முழுக்க ஒரே வங்கியை நம்பியவர்கள் அவர்கள்.

நாத்தனாருக்கு வந்த சிக்கல் நம்மவர்களுக்கே உரியது. பாஸ்புக்கில் அவர் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவர் பெயர் முழுதாகப் பின்னால். கவுன்டரில் இருந்த பெண் "சர்நேம் எது?" என்று கேட்டார். எங்களுக்குச் சர்நேம் கிடையாது என்று நாத்தனார் இந்தியில் விளக்கப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இது யார்?" என்றார். நான் குறுக்கே புகுந்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஆகுமா என்று கேட்டேன். ஆகும் என்றார். ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி, சரி. வாசகர்களுக்கு இந்த ஒரு விஷயம் உதவினால் போதும்: பாஸ்புக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வங்கி நன்றாக இருக்கும்போது அதைத் திருத்துவது ஒரு படிவம். வங்கி படுத்த பிறகு திருத்துவது தலைவலி.

பணம் சட்டம் சொன்ன கெடுவுக்குள் வந்தது. கட்டுப்பாடு வந்த தேதியில் நின்ற இருப்பு, சேர்ந்த வட்டியோடு. அவருக்கு 5 லட்சத்துக்குக் கீழேதான் இருந்தது, அதனால் முழுசாகக் கிடைத்தது. அதற்கு இடைப்பட்ட மாதங்களில் வாடகை, மருந்து, பேத்தியின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரரிடம் கைமாற்று. "தம்பிகிட்ட வாங்கறதுல என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 90 நாள் என்று சட்டப்புத்தகத்தில் படிப்பது சுலபம். மூன்று மாதச் செலவுக்கு வேறெங்கும் காசு இல்லாதவருக்கு 90 நாள் என்பது கடன்.

அமெரிக்காவை இங்கே சொல்லாமல் முடியாது. அங்கே இதே வேலையைச் செய்யும் எஃப்.டி.ஐ.சி. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வங்கியை மூடும், திங்கட்கிழமை பணம் கிடைக்கும். 2008 ஜூலையில் இண்டிமேக் வங்கி வெள்ளியன்று மூடப்பட்டு, திங்களன்று புது நிர்வாகத்தின் கீழ் திறந்தது. வரம்புக்குள் இருந்தவர்களுக்கு ஒரு டாலர் குறையவில்லை. இங்கிலாந்தில் 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் கூட்டம் கூடியதற்கு அவர்களுடைய அன்றைய காப்பீட்டின் அமைப்பும் ஒரு காரணம். முதல் 2,000 பவுண்டுக்கு முழு உத்தரவாதம், அடுத்த 33,000 பவுண்டுக்கு 90 சதவீதம்தான். பத்தில் ஒரு பங்கு போகும், மீதியும் எப்போது வருமோ தெரியாது என்றால் யார்தான் வரிசையில் நிற்கமாட்டார்கள்? கூட்டத்தை அடக்க நிதியமைச்சர் முழு உத்தரவாதம் தர வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே விதியை மாற்றி 35,000 பவுண்டு வரை முழுக் காப்பு என்றார்கள்.

எனவே ஒரு டெபாசிட் காப்பீடு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: வங்கி தடுமாறுகிறது என்ற செய்தி வந்தால், வரம்புக்குள் இருப்பவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவாரா, விடிகாலையில் ஏ.டி.எம். வாசலுக்கு ஓடுவாரா? நம் ஊரில் இன்னும் ஓடத்தான் செய்வார். 2025 பிப்ரவரியில் மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கி மீது கட்டுப்பாடு வந்தபோது முதலில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்றார்கள். இரண்டு வாரம் கழித்து 25,000 வரை எடுக்க அனுமதித்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் கிளை வாசலில் நின்றவர்களிடம் போய் "உங்களுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெரிய வணிக வங்கி சிக்கினால் கதை வேறு. அங்கே காப்பீட்டுக்கே வேலை வருவதில்லை. 2020 மார்ச் 5-ல் யெஸ் வங்கியில் 50,000 ரூபாய் வரம்பு வைத்தார்கள். ஸ்டேட் வங்கி தலைமையில் பணம் போட்டு, மார்ச் 18-ல் அந்த வரம்பை நீக்கியும்விட்டார்கள். கரூரில் 1926-ல் வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-ல் 25,000 ரூபாய் வரம்பு. 27-ஆம் தேதியே டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தாயிற்று. இரண்டிலும் டெபாசிட்காரர்களுக்கு இழப்பு இல்லை.

இழப்பு வேறு இடத்தில் விழுந்தது. லட்சுமி விலாஸ் பங்கு வைத்திருந்தவர்களின் முதல் பூஜ்யமானது. வங்கி மூலதனத்துக்காக விற்கும், வங்கி சிக்கினால் தள்ளுபடியாகக்கூடிய பத்திரங்களுக்கு ஏ.டி.1 என்று பெயர்; யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய் ஏ.டி.1 பத்திரங்கள் ஒரே உத்தரவில் தள்ளுபடி செய்யப்பட்டன. அந்த வங்கியின் பங்குகளில் 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள் அதில் முக்கால் பங்கை மூன்று வருடம் விற்க முடியாமல் பூட்டப்பட்டார்கள். அந்த ஏ.டி.1 பத்திரங்களை எஃப்.டி. போலவே, அதைவிட உசத்தி என்ற தோரணையில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றதாகப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2021-ல் அபராதம் போட்டது. வழக்கு அதற்கப்புறமும் நீதிமன்றங்களில் நடந்தது. இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். வங்கிக் கிளைக்குள் அதே மேஜையில், அதே அதிகாரி கையால் கிடைக்கும் எல்லாமே டெபாசிட் ஆகாது. மியூச்சுவல் ஃபண்ட், பாண்ட், இன்ஷூரன்ஸ் எதற்கும் இந்த 5 லட்சம் கிடையாது. கையெழுத்துப் போடும் முன் "இது டெபாசிட்டா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "டெபாசிட் மாதிரிதான் சார்" என்று பதில் வந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

இப்போது வரம்பைக் கணக்கிடும் விதம். இது சுவாரசியமானது. ஒரே வங்கியில் சேமிப்பு, எஃப்.டி., ஆர்.டி., எந்தக் கிளையில் இருந்தாலும் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். அசலும் வட்டியும் சேர்ந்துதான் 5 லட்சம். சரியாக 5 லட்சம் போட்டவருக்கு வட்டி காப்புக்கு வெளியே நிற்கும். அந்த வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். வேறு வங்கியில் இருப்பது தனி 5 லட்சம்.

கூட்டுக் கணக்கில் ஒரு வேடிக்கை. என் பெயர் முதலிலும் வீட்டுக்காரர் பெயர் இரண்டாவதாகவும் இருக்கும் கணக்கு ஒன்று. அவர் பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதாகவும் இருக்கும் கணக்கு இன்னொன்று. விதிப்படி இவை வெவ்வேறு. இரண்டுக்கும் தனித்தனியே 5 லட்சம். நம் வீடுகளில் எல்லாக் கணக்கிலும் ஆண் பெயரையே முதலில் போட்டுப் பழகியவர்கள் யோசிக்க ஒரு நல்ல காரணம். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, "அப்ப உன் பேரு முன்னாடி வர்றதுக்கு ரிசர்வ் பாங்க் வந்து சொல்லணுமா" என்று சிரித்தார். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

சொசைட்டிக்கு வந்தால் சிரிப்பு போய்விடும். அறுபது குடும்பமோ அறுநூறு குடும்பமோ, சங்கத்தின் பெயரில் இருக்கும் பணத்துக்கு சங்கம் ஒரே டெபாசிட்காரர். லிஃப்ட் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் வருடக்கணக்காகச் சேர்த்த நிதிக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பு. பி.எம்.சி.யை 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைத்தபோது 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்த தனிநபர்களுக்கே பாக்கியைத் தவணை முறையில், பெருந்தொகைக்குப் பத்து வருடம் வரை இழுத்துத்தான் கொடுக்கிறார்கள். அதை ஆண்டுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, எங்கள் நிதியைப் பல வங்கிகளுக்குப் பிரிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். "கூட அரை சதவீத வட்டி தர்ற இடத்தை விட்டுட்டு, அஞ்சு இடத்துல பாஸ்புக் வெச்சுக்கிட்டு அலையணுமா?" என்று ஒருவர் எழுந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அலைவது நான்தான். தீர்மானம் நிறைவேறியது. வங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டியதைவிட, இரண்டு பங்கை அரசு வங்கிக்கு மாற்றியதில்தான் எனக்கு நிம்மதி.

மதிப்பெண் கேட்பீர்கள். தொகைக்கு ஐந்துக்கு மூன்றரை. ஓய்வூதியப் பணத்தை மொத்தமாகப் போடும் முதியவருக்கு 5 லட்சம் போதாது. வேகத்துக்கு இரண்டு, 2021-க்கு முன்பாக இருந்தால் பூஜ்யம். கட்டணத்துக்கு நாலு. விளம்பரத்துக்கு ஒன்று. வங்கி இணையதளங்களில் இப்போது கழகத்தின் சின்னமும் கியூ.ஆர். குறியும் இருக்கின்றன, ஆனால் பக்கத்தின் கடைசி மூலையில் அதைத் தேடிப் போய்ப் பார்ப்பவர் யார்? கிளையில் கண்ணுக்கு நேரே, அந்தந்த ஊர் மொழியில், "ஒருவருக்கு 5 லட்சம், வட்டி உட்பட, 90 நாளுக்குள்" என்று எழுதி மாட்டினால் மூன்று தருகிறேன்.

கடைசியாக, இதைப் பற்றிப் பேசினாலே ஊரிலிருந்து வரும் கேள்வி ஒன்று உண்டு: "நான் பணம் போட்டிருக்கற நிதிக் கம்பெனிக்கும் இந்த அஞ்சு லட்சம் உண்டா?" கிடையாது. நிதி நிறுவனம், சீட்டு, ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட், கிராமத்துத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் எதற்கும் கிடையாது. சிறு நிதி வங்கிக்கு உண்டு, பெயரில் நிதி இருந்தாலும் அது வங்கி. கூட்டுறவு வங்கியாக இருந்தால், கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது, அதில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தைப் போடுங்கள்.